கறுப்புப் பலகையில் படுத்திருந்தவர்

கார்பைடு என்றால் மாம்பழம் பழுக்க வைக்கிற கல்தான் எனக்குத் தெரியும். ஈரம் பட்டால் புகைந்து நாறும். எங்கள் எரிவாயு மயானத்து உலைக்குள் புதிதாகப் போட்ட கறுப்புப் பலகையும் ஒரு கார்பைடுதான் என்றார்கள். சிலிக்கான் கார்பைடாம், மணலும் கரியும் சேர்த்துச் சுட்டதாம். முன்பு கிடந்த செங்கல் தளம் சூட்டில் வெடித்துக்கொண்டே இருக்கும். இடுக்கில் போன சாம்பலைக் கம்பி விட்டுக் குடைவேன். யாருடைய சாம்பல் யாரோடு போயிற்றோ. இந்தப் பலகை வெடிக்கவில்லை. தட்டினால் வெண்கலம் மாதிரி ஒலித்தது.

சாரல் நாள் ஒன்றில், காலையில் எரிந்தவரின் சாம்பலை வீட்டாரிடம் கொடுத்து அனுப்பினேன். பலகையில் வெள்ளையாக ஓர் ஆள் உருவம் ஒட்டியிருந்தது. நீளத் துடைப்பத்தால் எத்தனை தேய்த்தும் போகவில்லை.

மத்தியானம் அச்சன்புதூர்க்காரர் ஒருவர் தம்பியைக் கொண்டுவந்தார். உலை வாயில் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"அண்ணாச்சி, உள்ள யாரோ படுத்திருக்காவளே?"

"அது வெறும் கறை, ய்யா."

"கறைக்கு முட்டு மடங்குமாக்கும்? என் தம்பி துபாய்ல பத்து பேரோட ஒரு ரூம்ல கெடந்தவன். கடைசிக்காவது தனியா படுக்கட்டும். இவருக்கு யாரும் பால் ஊத்தலையா?"

"சாம்பல வாங்குன கையோட போயிட்டாவ."

மறுநாள் சுடுகாட்டுக்கு வந்து பால் ஊற்றி வழியனுப்புவது எங்கள் வழக்கம். உலை வந்தபின் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது.

அவர் எதிர் டீக்கடையில் ஒரு சொம்பு பால் வாங்கி வந்தார்.

"ஊத்தாதீய, சூடு ஆறல, வெடிச்சிரும்!"

நான் கத்துவதற்குள் உள்ளே வீசிவிட்டார். செங்கலாயிருந்தால் பிளந்திருக்கும். பலகை மெல்ல முனகியது. காய்ச்சல்காரர் புரண்டு படுக்கையில் முனகுவாரே, அப்படி. ஆவி அடங்கியதும் பார்த்தேன். உருவம் இல்லை.

"போயிட்டாரு," என்றார் நிம்மதியாக. தம்பியை வைத்தோம்.

சாயங்காலம் சாம்பலைக் கூட்டிக் கலயத்தில் துணி கட்டிக் கொடுத்தேன். வாங்கியவர் இறக்கி வைத்தார். மறுபடி தூக்கினார்.

"கனக்குதே, அண்ணாச்சி."

"சூட்டோட இருக்குல்லா, அப்படித்தான் தெரியும்."

எனக்கும் கனத்திருந்தது.

குற்றாலத்துக்குக் கரைக்கப் போக ஆட்டோ நின்றது. பின்சீட்டின் நடுவில் கலயத்தை வைத்தவர், கொஞ்சம் யோசித்து, ஓரமாக நகர்த்தினார்.

"ஏலே, தள்ளி உக்காரு. அவருக்கும் எடம் விடு."

கலயத்திடம் சொல்லிவிட்டு டிரைவர் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்துகொண்டார்.