கலந்து வைத்த வீடுகள்

ஓவர்சியர் பொன்னுதுரையைத் தூத்துக்குடியில் பாதிப் பேர் நல்லவர் என்றார்கள். மீதிப் பேர் பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள். அவர் தம்மைப் பற்றி என்ன நினைத்தார் என்பது அவர் மனைவி ஞானபாய்க்கு மட்டும் கொஞ்சம் தெரியும். கடைசி வருஷங்களில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஜெபம் சொல்ல வாயெடுத்துவிட்டு, சொல்லாமலே சாப்பிடத் தொடங்குவார். அவள் ஏன் என்று கேட்டதில்லை.

நாசரேத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, சென்னைக்குப் போய்ச் சர்வேயும் கட்டட வேலையும் கற்றுக்கொண்டு வந்தவர். தூத்துக்குடிக்கு வந்த புதிதில் அவரை உறுத்தியது ஒன்றுதான். அந்த ஊரில் நடக்கத் தொடங்கினால் தெருவுக்குத் தெரு ஊர் மாறும். மாதா கோவிலைச் சுற்றி மீன் பிடிக்கிற, சங்கு குளிக்கிற பரவர்கள். கொஞ்சம் தள்ளினால் கடைக்காரர்கள். அதற்கப்பால் தோணி விடுகிற முஸ்லிம்கள். ஊர் முடிந்து உப்பளம் தொடங்குகிற ஓரத்தில், யாரும் தொடக் கூடாது என்று ஒதுக்கி வைத்த ஜனங்கள். ஒரு தெருவில் சாவு விழுந்தால் அடுத்த தெருவுக்கு அழுகைச் சத்தத்தில்தான் தெரியும். போய்ப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

யுத்தம் முடிந்த மறு கோடையில் கடற்கரைக் குடிசைகள் பற்றிக்கொண்டன. காற்று திரும்பியதில் உப்பளத்து ஓரமும் சேர்ந்து எரிந்தது. பரவர் வீட்டுப் பெண்களும் அளத்தில் உப்பு வாருகிற பெண்களும் ஒரே புளியமரத்து நிழலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பொன்னுதுரை அன்றைக்குப் பார்த்தார். நெருப்பு சேர்த்து வைத்தவர்களை நாம் ஏன் திரும்பப் பிரித்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்த கணத்தை அவர் பின்னால் எத்தனையோ தடவை சபித்திருக்கிறார்.

வீடு இழந்தவர்களுக்காக ஒரு சங்கம் ஏற்பட்டது. மண்டிக்கடை காசிலிங்கம் அண்ணாச்சி தலைவர். துறைமுகத்துக்குச் சரக்கு வண்டி போகிற தண்டவாளத்தின் இரு பக்கத்திலும் அவருக்கு இருந்த நிலத்தைச் சங்கத்துக்குக் கொடுத்தார். வரைபடம் போடுகிற பொறுப்பு பொன்னுதுரைக்கு வந்தது.

அவர் சாப்பாடு மறந்து வரைந்தார். தெற்கே மீன்பிடிக் கரை, வடக்கே உப்பளம், கிழக்கே துறைமுகம். எந்தத் தொழிலுக்கும் நடந்து போகிற தூரம். வரிசை வரிசையாக வீடுகள், காற்றுக்கு எதிரெதிர் ஜன்னல், மழைத் தண்ணீர் வடிய வாய்க்கால். குழாய் மட்டும் ஒன்றே ஒன்று, நட்ட நடுவில். இரண்டு வைத்தால் இரண்டு ஜாதியாகி விடும். ஒன்றே இருந்தால் தண்ணீருக்காவது சேர்ந்து நிற்பார்கள் என்றார். யாருக்கு எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது. குலுக்கி முடிந்ததும் ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு வண்ணப் பென்சிலை எடுத்து, படத்தில் வீட்டுக்கு வீடு புள்ளி வைத்துப் பார்த்தார். சிவப்பும் பச்சையும் நீலமும் எள்ளும் அரிசியும் போல இறைந்து கிடந்தன. ஞானபாயைக் கூப்பிட்டுக் காட்டினார். “கோலம் கணக்கா இருக்கு” என்றாள் அவள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஒரே ஓர் இடத்தில் வளைந்தார். காசிலிங்கத்தின் கணக்கப்பிள்ளைக்கு ரோட்டு முனை வீடு வேண்டுமென்று அண்ணாச்சி சொன்னார். நிலம் கொடுத்தவர். அந்த வீட்டின் சீட்டைக் குலுக்குவதற்கு முன்பே எடுத்து வைத்தார்கள். வளைந்தவனுக்குத்தான் பிறகு விறைப்பு அதிகம். இனி யாருக்காகவும் ஒரு வீட்டையும் மாற்றுவதில்லை என்று பொன்னுதுரை தம்மோடு சத்தியம் செய்துகொண்டார்.

அந்தச் சத்தியத்தின் முன்னால்தான் வில்பிரட் வந்து நின்றான்.

வில்பிரட் சங்கு குளிக்கிறவன். முத்துக் குளிப்பு நின்று போன வருஷங்கள் அவை. சங்குதான் சோறு போட்டது. கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிறு வள்ளத்தில் ஒருவன் கையில் இருக்கும். கீழே இருக்கிறவன் கயிற்றைச் சுண்டி இழுத்தால் மேலே இருக்கிறவன் அந்த நொடியே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை அந்தக் கரையில் மச்சான்தான் பிடிப்பான், பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் அசந்து போகமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. வில்பிரட்டின் கயிறு அவன் மனைவி சலேத்தம்மாளின் அண்ணன் தொம்மையின் கையில் இருந்தது.

எரிந்து போன பழைய இடத்தில் இருவர் குடிசைக்கும் நடுவில் ஒரே தட்டிதான். கரைக்காற்று எழும்புகிற கருக்கலில் ஒருவன் விழித்தால் தட்டியில் தட்டுவான், மற்றவன் எழுந்து விடுவான். புதுக் குடியிருப்பில் சீட்டு வில்பிரட்டைத் தெற்கு வரிசையிலும், தொம்மையைத் தண்டவாளத்துக்கு வடக்கேயும் கொண்டு போய் வைத்தது. விடியுமுன் உப்பு ஏற்றிய வாகன்கள் தண்டவாளத்தில் நீளமாக நிற்கும். எஞ்சின் வந்து இழுக்கும் வரை தாண்ட வழி கிடையாது. சுற்றிக்கொண்டு ஓடிவருவதற்குள் வள்ளம் போய்விடும். காற்று யாருக்கும் காத்திருப்பதில்லை.

வில்பிரட்டுக்குப் பக்கத்து வீடு சங்கரம்மாளுக்கு விழுந்திருந்தது. அளத்தில் உப்பு வாருகிறவள், ஒதுக்கி வைக்கப்பட்ட குடியில் பிறந்தவள், புருஷன் இல்லாதவள். அவளைப் பரவர் வீடுகளுக்கு நடுவில் பார்க்கும்போதெல்லாம் பொன்னுதுரைக்கு மனம் நிறையும். ஆனால் குழாயடியில் மற்றப் பெண்கள் எல்லாரும் பிடித்து முடிக்கும் வரை அவள் குடத்தோடு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. அவள் தங்கை குடும்பம் வடக்கே இருந்தது. அளமும் அந்தப் பக்கம்தான். தொம்மை வீட்டை அவள் எடுத்துக்கொள்வது, அவள் வீட்டுக்குத் தொம்மை வருவது என்று மூவருமாகப் பேசி முடித்து, ஓவர்சியரைப் பார்க்க வந்தார்கள்.

வில்பிரட் தயங்கித் தயங்கிச் சொன்னான். கருக்கலில் மச்சானைக் கூப்பிட முடியவில்லை, இரண்டு தடவை வள்ளத்தை விட்டுவிட்டோம் என்றான். பொன்னுதுரை பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சங்கரம்மாளைப் பார்த்து, யாராவது மிரட்டி உன்னைக் கிளப்புகிறார்களா என்று விசாரித்தார்.

“ஒருத்தரும் கிளப்பல ஐயா. எனக்கே அங்கன போகணும்னு இருக்கு.”

“நீ போய்விட்டால் நாளைக்கு ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு ஜாதியாகிவிடும், தாயீ. பார், அவளே ஓடிவிட்டாள் என்பார்கள். கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. பழகிவிடும்.”

“யாருக்குப் பழகணும்?” என்றாள் அவள்.

அவர் வில்பிரட்டைப் பார்த்து, ஒருவனுக்கு மாற்றினால் நாளைக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள் என்றார். தொம்மை சிரித்துக்கொண்டே மைத்துனன் தோளைத் தட்டினான். “வாலே, கோழிச் சேவல் ஒண்ணு வாங்கி உன் வீட்டுல கட்டுதேன். அது கூவினா எனக்குக் கேக்கும்” என்றான். மூவரும் போனார்கள். தாம் உறுதியாக நின்றதாகப் பொன்னுதுரைக்கு அன்றைக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு கருக்கல். வாகன்கள் நின்றன. தொம்மை வரவில்லை. அந்தப் பருவம் முழுக்க வள்ளத்தைத் தவறவிட்டுக் கடன்பட்டிருந்த வில்பிரட் வேறொருவன் கையில் கயிற்றைக் கொடுத்து இறங்கினான். அந்த ஆள் வள்ளத்தில் இன்னொருவனோடு பேசிக்கொண்டிருந்தானாம். கயிறு சுண்டியது அவனுக்கு அலை ஆட்டம் போலத் தெரிந்திருக்கிறது. தூக்கியபோது வில்பிரட்டின் மூக்கிலும் காதிலும் ரத்தம். கரைக்கு வருமுன் உயிர் போய்விட்டது.

தொம்மை குடித்துவிட்டுத் தூங்கினான் என்று கரை முழுவதும் பேசியது. வாகன் மறித்தது என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துக்க வீட்டில் சலேத்தம்மாள் அண்ணனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் எந்த வள்ளத்திலும் அவனை ஏற்றவில்லை. மைத்துனனைக் கொன்ற கை என்றார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். அங்கேயும் பெயர் முந்திக்கொண்டு போயிருந்தது.

பொன்னுதுரை துக்கத்துக்குப் போனார். வாசலோடு திரும்பி வந்துவிட்டார்.

கலந்து வைத்தது பிடிக்காதவர்கள் சாவைக் காரணம் காட்டிச் சங்கத்தில் ஒரு கூட்டம் கேட்டார்கள். கலப்பு வேண்டாம், அந்தந்த ஜாதிக்கு அந்தந்த வரிசை, அளத்து ஜனங்களுக்குக் கடைசியில் ஓர் இடம் என்பது அவர்கள் பேச்சு. அளத்து ஜனங்களை யாரும் அழைக்கவில்லை. வந்த எல்லாரையும் காசிலிங்கம் பேசவிட்டார். பிறகு பொன்னுதுரையைப் பார்த்து, “ஓவர்சியரே, செத்தவன் வீடு மாத்தித் தரச் சொல்லிக் கேட்டானா? கேட்டிருந்தா இந்தச் சீட்டு முறையே தப்புன்னு ஆகும்” என்றார்.

பொன்னுதுரை எழுந்தார். ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. ஆமாம் என்றால் தொம்மை தலை நிமிர்வான், குடியிருப்பு உடையும். அவர் சொன்னார்:

“மனு எதுவும் வரவில்லை.”

வாசல் ஓரத்தில் நின்றிருந்த தொம்மை இதைக் கேட்டான். “ஐயா, நாங்க மூணு பேருமா வந்து கேட்டோம்லா” என்றான். குரலில் கோபம்கூட இல்லை. மறந்துவிட்டவருக்கு நினைவுபடுத்துகிற மாதிரி இருந்தது. தூங்கினவன் சாக்குச் சொல்லுதான் என்று எவனோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். பொன்னுதுரை மேஜையில் விரித்திருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் பேசியிருக்கலாம். பேசவில்லை. குடியிருப்பு அப்படியே நீடிக்கும் என்று முடிவாயிற்று.

சங்கரம்மாள் போன்றவர்களுக்காகத்தான் வாயை மூடினோம் என்று தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தார். அவள் கேட்டதையே கொடுக்காமல், அவளுக்காக. சாப்பாட்டு ஜெபம் நின்று போனது அந்த வாரத்தில்தான்.

கடைசியில் சலேத்தம்மாளைத் தேடிப் போனார். அவள் அடுப்பின் முன் குந்தி மீன் அரிந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: மூவரும் வந்தது, தாம் மறுத்தது, கூட்டத்தில் மறைத்தது. அவள் அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவுக கேட்டது எனக்குத் தெரியாதா ஐயா? என் முன்னாலதான் பேசி முடிச்சாவ.”

அப்படியானால் அண்ணனிடம் ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று அவர் கேட்டார்.

“எனக்கு யாரு மேலயாவது கோவப்படணும்லா. ஒங்க மேல கோவப்பட நான் யாரு? அவன்னா என் அண்ணன்.” மீனைத் தண்ணீரில் போட்டுக் கழுவினாள். “ஊர் முன்னால கேட்டப்போ சொல்லல. இப்போ இங்கன வந்து அடுப்பாங்கரையில சொல்லுதீய. இதை நான் எங்க கொண்டு போய் வைக்க?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்னுதுரை தம்முடைய கோவிலுக்குப் போகவில்லை. பூசை முடிந்து ஜனங்கள் இறங்குகிற நேரம் மாதா கோவில் வாசலில் போய் நின்றார். அவர் வேறு சபைக்காரர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே நின்று பார்த்தார்கள். தொம்மையும் வில்பிரட்டும் வந்து கேட்டார்கள், நான்தான் மறுத்தேன், கூட்டத்தில் பொய் சொன்னேன், கணக்கப்பிள்ளைக்குச் சீட்டில்லாமல் வீடு கொடுத்தவனும் நானே என்று சொன்னார். யாரும் ஏசவில்லை. வள்ளத்தை நடத்துகிற வயதான தண்டல் ஒருவர் மட்டும், “சரி, போங்க” என்றார். அந்த வாரமே தொம்மையை ஒரு வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

அந்த ஒப்புதலின் மறுபக்கமும் உடனே வந்தது. ஓவர்சியரே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று பழைய கூட்டத்தை மீண்டும் கூட்டினார்கள். இந்தத் தடவை எதிர்த்துப் பேசப் பொன்னுதுரைக்கு முகம் இல்லை. வரிசைகள் பிரிந்தன. அளத்து ஜனங்கள் எல்லாரும் வடக்கே கடைசியில், மழைக்குத் தண்ணீர் கட்டுகிற உவர் தரைக்குப் போக வேண்டும் என்றானது. நடுக்குழாய்க்கு வரக் கூடாது என்று யாரும் தீர்மானம் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை.

சங்கரம்மாள் சாமான்களை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் எதிரில் வந்தார். “வடக்க ஒரு வீடுதான் ஐயா கேட்டேன். தெருவையே குடுத்துட்டீய” என்றாள். பின்னால் வந்த அவள் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சில நாள் கழித்து அவர் அந்தத் தெருவுக்குப் போனார். கட்டி முடித்தும் ஆள் வராத வீடு ஒன்று அங்கே இருந்தது. அதில் தாமும் ஞானபாயும் வந்து குடியிருக்கலாமா என்று கேட்டார். சங்கத்தைக் கேட்கவில்லை, அந்தத் தெருக்காரர்களைத்தான் கேட்டார். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஐயா வந்தால் நமக்குப் பெருமைதானே என்று ஒரு கிழவர் தொடங்கினார். சங்கரம்மாள் இடை மறித்தாள்.

“வேண்டாம்யா. அங்கன என்னைக் குடிவச்சதுக்கு ஒரு காரணம் வச்சிருந்தீய. இங்கன நீங்க குடிவாரதுக்கும் ஒண்ணு வச்சிருப்பீய. ஒங்க பாவத்தைக் கழுவ எங்க தெரு வேண்டாம். எங்களுக்குக் குழாய் வேணும். அதைக் கொண்டாங்க.”

ஒரே குழாய்தான் இருக்க வேண்டும் என்பது அவர் படத்தின் உயிர். இங்கே இரண்டாவது குழாய் வைத்தால் பிரிவினைக்கு இரும்பில் முளை அடித்தது போலாகும். அது அவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

“எந்த இடத்தில்?” என்று கேட்டார்.

அவள் ஓர் இடத்தைக் காலால் காட்டினாள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அவர் குனிந்து, அளவுச் சங்கிலியை விரித்து, அந்த இடத்தில் ஒரு குச்சியை ஊன்றிக் கல்லால் தட்டினார். உவர் தரை இறுகியிருந்ததால் நேரமாயிற்று. தெருவில் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். அவரை யாரும் நிழலுக்கு வரச் சொல்லவில்லை.