ஆடும் கட்டில்

இங்கே புது ஆளைப் பார்த்தால் யாரும் முதலில் ஊரைக் கேட்பதில்லை. மேல் கட்டிலா, கீழ்க் கட்டிலா என்றுதான் கேட்கிறார்கள். ஊரில் ஒரு முழ வரப்புக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிறோம். இந்த அரபு நாட்டு சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் ஆறடி மெத்தைதான் நம் சொத்துபத்து எல்லாம்.

எங்கள் ரூமில் செல்வத்துக்கு மட்டும் இரண்டு கட்டில். சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவன். கம்பெனி அவனை ஸ்டோர் டியூட்டியில் உட்காரவைத்து, தரைத்தளத்தில் கீழ்க் கட்டிலும் கொடுத்தது. மேல் கட்டிலில் அவனுடைய செயற்கைக் கால் படுத்திருக்கும். அந்தக் கட்டிலின் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் காலையில் அவன் எழுவான்.

புதிதாக வந்த கேம்ப் பாஸ் இதைப் பார்த்துவிட்டார். நம் பக்கத்து ஆள்தான். "ஒரு ஆளுக்கு ஒரு பெட்டு. அதுக்கு மேல மாஃபி, கிடையாது. கலாஸ், பேச்சு முடிஞ்சுது" என்றார். எல்லோருக்கும் சமமாம். கணக்கு சரிதான், போன கால் மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை.

மேலே ஒரு பீகார்க்காரரைப் போட்டார்கள். விடியலில் செல்வம் கம்பியைப் பிடித்து எழ, கட்டில் குலுங்க, "பூகம்ப்" என்று அலறி அவர் தலையணையோடு வெளியே ஓடினார். வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு சாயங்காலம் வரைதான். புகார் போனது. மூன்றாம் மாடியில் தனிக் கட்டில் இருக்கிறது, செல்வம் அங்கே போகட்டும் என்றார் பாஸ். லிஃப்ட் கிடையாது.

"அதுக்கு நான் ஊருக்கே போயிடறேண்ணே" என்றான் செல்வம். ஊரில் ஒற்றைக் காலுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

லீவு நாளில் ரூமில் ஒரு போட்டி வைத்தோம். ஒவ்வொருவராக மேலே படுக்க வேண்டும். செல்வம் கீழிருந்து தொங்கி ஆட்டுவான். ஒருவனுக்குத் தலை சுற்றியது. இன்னொருவன் முருகனைக் கூப்பிட்டான். நான் கும்பகர்ணன் பரம்பரை. ஏறிப் படுத்ததும் குறட்டையே விட்டேனாம். ரூமே கைதட்டி எழுப்பியது. அன்றே நான் மேலே குடியேறினேன். பீகார்க்காரர் என் கட்டிலுக்குப் போனார். கட்டில் கணக்கும் சரியாகிவிட்டதால், தன் நியாயம் ஜெயித்ததென்று பாஸ் மீசையை முறுக்கினார். எனக்கு அதில் இன்னும் கோபம்தான். செல்வத்துக்கு உரிமையாக இருந்தது, இப்போது என் தூக்கத்தின் தயவில் இருக்கிறது.

போன லீவில் ஊருக்குப் போயிருந்தேன். முதல் காலை, தேக்குக் கட்டில் அசையவே இல்லை. பதறிப்போய், "செல்வம், இன்னும் எந்திரிக்கலையாடா?" என்று கேட்டேன். பக்கத்தில் படுத்திருந்த மனைவி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். கட்டில் லேசாக ஆடியது. நான் நிம்மதியாகத் திரும்பத் தூங்கிவிட்டேன்.