பள்ளிக்கூடமா, பைப்பா?

எழுத்தில் கோணல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். கல்யாணப் பத்திரிகையில் பேர் எழுதுவதைத் தவிர பேனா பிடித்துப் பழக்கமில்லை. மறதியும் வந்துவிட்டது. மருமகள்தான், "தாமான் மலருக்கு எல்லாரும் எழுதுறாங்க, நீங்களும் ஏதாவது எழுதுங்க அத்தே" என்று தாளைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

கிள்ளானில் எங்கள் குடியிருப்பான இந்தத் தாமானுக்குப் பின்னால் ஒரு காலி நிலம் இருக்கிறது. அரசாங்கப் பணத்தில் அங்கே இடைநிலைப் பள்ளி கட்டுவதா, வெள்ளம் ஏறாமல் பெரிய கால்வாய் வெட்டுவதா என்று போன வாரம் கூட்டம் போட்டார்கள். என் மகன் தொண்டை கட்டித் திரும்பி வந்தான். பக்கத்து வீட்டுக்காரரோடு இப்போது பேச்சு இல்லை. அவன் கத்தியதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு இன்னொரு கூட்டம் ஞாபகம் வந்தது.

அப்போது நான் பள்ளிச் சிறுமி. காப்பார் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது சின்னக் கிராமத்தில், இருந்தோம். அப்பாவுக்குச் சாலை போடும் வேலை. அம்மா பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டப் போவாள். அந்தப் பக்கம் மண் கரிய மண். கிணறு தோண்டினால் பால் ஊற்றாத தேநீர் மாதிரி தண்ணீர் வரும். வெள்ளைச் சட்டையை அதில் அலசினால் நாலைந்து துவைப்பில் பழுப்பாகிவிடும். குடிக்கவும் சமைக்கவும் பெரிய சாலை ஓரத்துப் பொதுப் பைப்புக்குத்தான் போக வேண்டும். அதிலும் காலையில்தான் தண்ணீர் வேகமாக வரும். அம்மா இருட்டோடு வேலைக்குப் போய்விடுவதால், மூத்தவளான எனக்குத்தான் அந்த வேலை. கம்பின் இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய் டின்னைக் கட்டி, தோளில் வைத்துக்கொண்டு நடப்பேன். வீட்டு அண்டா நிறைவதற்குள் வெயில் ஏறிவிடும். எனக்குப் பள்ளி மத்தியானம் என்பதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஆறாம் வகுப்புக்கு மேலே படிக்கக் கிள்ளானுக்குப் போக வேண்டும். பெண் பிள்ளைகளை யார் அவ்வளவு தூரம் அனுப்பினார்கள்? இப்படி இருக்கும்போது, எங்கள் பக்கத்துக்கு அரசாங்கம் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருப்பதாகச் செய்தி வந்தது. புதிதாக இடைநிலைப் பள்ளி ஒன்று கட்டலாம். இல்லாவிட்டால் வீட்டுக்கு வீடு பைப்பு இழுக்கலாம். இரண்டுக்கும் சேர்த்துக் காணாது. எது வேண்டும் என்று கேட்க, வட்டாரத் தலைவரான பெங்குலு நேரில் வருகிறார் என்றார்கள். அவர் மலாய்க்காரர், பெரிய மனுஷர்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, லோரி ஓட்டினார். ஊர் ஊராகப் போய் வருவதால் அவருக்கு எல்லாம் தெரியும் என்று கம்பத்தில் ஒரு நினைப்பு. அவருக்கும் அதே நினைப்புதான். பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அவர். போகும் இடமெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போய், "இவ டீச்சராயிடுவா பாருங்க. கார்ல வருவா. நான் லோரிய ஓரங்கட்டி வழி விடுவேன்" என்பார். நான் அதை அப்படியே நம்பினேன். டீச்சரானதும் முதல் நாள் என்ன நிறத்தில் சேலை கட்டுவது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

கூட்டம் கோயில் கொட்டகையில் நடந்தது. ஆண்கள் பெஞ்சில், பெண்கள் பின்னால் நின்றுகொண்டு, பிள்ளைகள் நாங்கள் தரையில். பெங்குலு சொல்வதைத் தமிழிலும் நாங்கள் சொல்வதை மலாயிலும் மாற்றிச் சொல்வதற்கு மாமா. எல்லாம் பள்ளிக்கூடத்துக்குச் சாதகமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பின்னாலிருந்து என் அம்மா முன்னுக்கு வந்தாள். கையில் ஒரு கண்ணாடி கிளாஸ் நிறைய எங்கள் கிணற்றுத் தண்ணீர். நாலு பேர் நடுவில் அவள் வாய் திறந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"தம்பி, பள்ளிக்கூடம் வேணாங்கல. மொதல்ல தண்ணி வரட்டும். இந்தத் தண்ணிய அவரு கண்ணால பாக்கட்டும், சொல்லு."

பெஞ்சிலிருந்து ஒருவர், "ஏன்க்கா, பைப்பத் தொறந்தா படிப்பு கொட்டுமா?" என்றார். சிரிப்பு எழுந்தது. "பெத்த மக படிக்கறது ஒனக்கே புடிக்கலியா?" என்றது பெண்கள் பக்கத்துக் குரல் ஒன்று. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி சரி, நீ போய் நில்லு லா அக்கா" என்று கிளாஸை வாங்கிப் பெங்குலு முன்னால் வைத்து, மலாயில் ஏதோ சொன்னார். பெங்குலு அம்மாவைப் பார்த்து மரியாதையாக நெஞ்சில் கை வைத்தார். கிளாஸை எடுத்தார். குடித்தார்.

பாதி கிளாஸ் உள்ளே போன பிறகு அவர் நிறுத்தினார். கிளாஸுக்குள் ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு, கொடுத்தவள் மனம் நோகக் கூடாதென்று மெதுவாக, "மானிஸ் குராங் சிகிட்" என்றார். சீனி கொஞ்சம் குறைவாம்! பாவம், தேநீர் என்றே நினைத்துவிட்டார்.

அப்புறம் சிரிப்பை யார் அடக்குவது? விஷயம் தெரிந்ததும் பெங்குலுவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். 'பாருங்கள்' என்று சொல்ல வேண்டியதை மாமா 'குடியுங்கள்' என்று சொன்னது அவசரத்திலா, வேண்டுமென்றேவா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. "வந்தவங்க முன்னால கிளாஸ வச்சா வேற என்னக்கா சொல்லுவாங்க?" என்று பிற்பாடு அவர் சாதித்தார். சிரித்து ஓய்ந்தபோது தண்ணீர்ப் பேச்சு எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். கொட்டகை முழுக்கக் கைகள். அப்பாவும் தூக்கினார், தரையைப் பார்த்துக்கொண்டு. பிள்ளைகளை யாரும் எண்ணப்போவதில்லை என்றாலும் நானும் தூக்கினேன்.

அம்மா மிச்சத் தண்ணீரைச் செம்பருத்திச் செடியில் ஊற்றிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அவமானத்தில் நான் தள்ளியே நடந்தேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பள்ளிக்கூடம் வேண்டாம் என்றவளோடு டீச்சருக்கு என்ன பேச்சு?

நான் ஆறாம் வகுப்பு முடித்தபோது பள்ளியும் கட்டி முடிந்தது. சீருடைக்கு மாமா துணி வாங்கி வந்தார். ஆனால் புதுப் பள்ளி நடந்தது காலையில்.

"இவ போனா காலையில தண்ணிக்கு யாரு போறது? நீ வந்து தூக்குறியா?" என்று அம்மா மாமாவைக் கேட்டாள்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் மாமா லோரிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வருஷம் போவட்டும்" என்றார் அப்பா. அந்த வருஷம் போனது. அடுத்ததும் போனது. பின்னால் தம்பிகள் இரண்டு பேரும் அந்தப் பள்ளிக்குப் போனார்கள். அவர்கள் தண்ணீர் தூக்கலாமே என்ற யோசனை யாருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. பைப்படியில் வரிசையில் நிற்கும்போது பள்ளி மணி நன்றாகக் கேட்கும். அன்றைக்கு ஊர் சிரித்ததற்கு அம்மா என்மேல் பழி தீர்த்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். பெரிய பெண்ணான பிறகும் அப்படித்தான் நினைத்தேன்.

கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். சமையலறைக்குள்ளேயே பைப்பு. முதல் நாள், பழக்கதோஷத்தில் விடிவதற்கு முன்னால் எழுந்து, குடம், வாளி, அண்டா, கடைசியில் டம்ளர்களில்கூடப் பிடித்து வைத்தேன். எல்லாம் நிறைந்துவிட்டது. வெளியே அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பையோடு தெருவில் போனார்கள். எனக்குச் செய்ய வேலை இல்லை. காலை முழுசும் மிச்சம் இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொட்டகையில் அம்மா யாருக்காகக் கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகும் அம்மா பல வருஷம் இருந்தாள். ஆனால் அந்தப் பேச்சை எடுக்க எனக்குக் கூச்சம்.

கம்பத்தில் வீட்டுக்கு வீடு பைப்பு எந்த வருஷம் வந்தது என்று சரியாக நினைவில்லை. நான் கிளம்பி வந்த பிறகுதான். காப்பார் பக்கத்துப் பழைய ஆட்கள் யாராவது இருந்தால் விசாரித்து, தப்பிருந்தால் திருத்திப் போடுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தக் கூட்டம் நடந்தபோது தொட்டிலில் கிடந்த என் கடைசித் தங்கை, பிறகு அதே பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் வரைக்கும் படித்தாள். அதை வைத்துப் பார்த்தால், அவள் ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் பைப்பு வந்திருக்க வேண்டும்.