செருப்பை எங்கள் வீட்டில் விட்டுப் போனவர்கள்

ஒரு காலத்தில் பௌர்ணமி வந்தாலே எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அடியார்கள் படிக்கிற இடத்தில் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அண்ணாமலையார் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், பட்ட எரிச்சலையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொண்ணூற்று ஏழாம் வருடம். எனக்கு இருபத்தேழு வயது. வரன் பார்க்கத் தொடங்கி நான்கு வருடம் ஓடிவிட்டது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. கிரிவலம் வருகிற கூட்டம் மாதத்துக்கு மாதம் ஜாஸ்தியாகிக்கொண்டிருந்த நேரம் அது. மாப்பிள்ளை வீட்டார் வேலூரிலிருந்து வந்தாலும் சரி, மெட்ராஸிலிருந்து வந்தாலும் சரி, பௌர்ணமி அன்றைக்குத்தான் வருவார்கள். மலையைச் சுற்றின மாதிரியும் ஆச்சு, பெண்ணைப் பார்த்த மாதிரியும் ஆச்சு!

கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆகும். நான் வந்து கும்பிட்டுவிட்டு நிற்பேன். பெயர் கேட்பார்கள், படிப்பு கேட்பார்கள். பிறகு பையையும் செருப்பையும் எங்கள் வீட்டிலேயே போட்டுவிட்டு, வெறுங்காலோடு மலை சுற்றக் கிளம்பிவிடுவார்கள். விடிந்ததும் திரும்பி வந்து, எங்கள் வீட்டிலேயே குளித்து, இட்லி சாப்பிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "லெட்டர் போடறோங்க" என்று போய்விடுவார்கள். லெட்டர் வராது. ஒரு தடவை மாப்பிள்ளையே வரவில்லை. "பையனுக்கு லீவு கிடைக்கல, நாங்க மட்டும் வந்துட்டோம்" என்றார்கள். ஒன்பது பேர்!

அப்பா அவர்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "மலை சுத்த வந்தவங்க சாமியோட விருந்தாளிங்கம்மா. நாம மூஞ்சி சுளிக்கக் கூடாது" என்பார். "நீங்க இப்படிக் கம்முனு இருந்தா ஊர்ல இருக்கறவங்க எல்லாம் இங்கதான் வந்து குளிப்பாங்க" என்று அம்மா கத்துவார். அதற்கும் அப்பா கம்முனுதான் இருப்பார்.

விழுப்புரத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்னைப் பெண் பார்க்க வந்தார். அவர் மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சிருக்கீங்களே, வேலைக்குப் போக ஆசை இருக்குதா?" என்று கேட்டார். என் ஆசை என்ன என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அவருடைய அம்மா என் கன்னத்தைத் தொட்டு, "எங்களுக்குப் பிடிச்சிருக்கும்மா" என்றார். நம்பிவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூன்று மாதம் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன்.

நான்காம் மாதப் பௌர்ணமி. சாயங்காலம் கதவைத் தட்டினார்கள். திறந்தால் அதே அம்மா. பின்னால் வாத்தியார். அவர் பக்கத்தில், கழுத்தில் புது மஞ்சள் கயிறோடு ஒரு பெண்.

"கல்யாணம் ஆகி முதல் கிரிவலம். உங்க வீடு தெரிஞ்ச வீடாச்சே, செருப்பை இங்க வெச்சிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் அந்த அம்மா, சிரித்துக்கொண்டே.

"வாங்க, வாங்க" என்றார் அப்பா.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பெண் பாவம், ஒன்றும் தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய செருப்பை ஓரமாக எடுத்து வைத்ததும் நான்தான்.

மறுநாள் காலை அவர்கள் போன பிறகு நானும் மலை சுற்றக் கிளம்பினேன். அழுதுகொண்டே நடந்தேன். வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் கால் ஓய்ந்துபோய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். மலையைப் பார்த்துச் சண்டை பிடித்தேன். "உனக்குக் கண்ணே இல்லையா? நாலு வருஷமா மாப்பிள்ளை கேட்டேன். அது உன்னால முடியல. போகட்டும். எங்கப்பாவுக்கு வாயையாவது குடு! எனக்காக ஒரே ஒரு தடவை அவரு வேணாம்னு சொல்லட்டும்!"

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. வந்துபோன யார் மேலும் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அத்தனை கோபமும் அப்பா மேல். இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த பௌர்ணமிக்குத் தரகர் ஒரு வேன் நிறைய ஆட்களை அழைத்து வந்தார். நான் சமையலறையில் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அப்பா இரும்புக் கேட்டைத் திறக்காமல் நின்றிருந்தார்.

"மலை சுத்த வந்திருந்தா நல்லபடியா சுத்திட்டு வாங்க. எம்பொண்ணைப் பார்க்கணும்னா, அதுக்குன்னு ஒரு நாள் வாங்க" என்றார்.

"என்ன சார், இவ்ளோ தூரம் வந்தவங்களைப் போயி..." என்று தரகர் இழுத்தார்.

"இது எம்பொண்ணு இருக்கற வீடுங்க. சத்திரம் இல்ல."

வேன் போய்விட்டது. அப்பா உள்ளே வந்து ஒரு செம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார். "சாமி குத்தம் ஆயிடுமாம்மா?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஆகாதுப்பா. நான் சாமிகிட்ட சொல்லிட்டேன்" என்றேன்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஒருவரும் வரவில்லை. நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு பௌர்ணமி இல்லாத ஒரு புதன்கிழமை, கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து ஒரு குடும்பம் வந்தது. பையனும் வந்திருந்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறேன்.

கேட்டது கிடைக்கவில்லையே என்று நொந்துபோயிருக்கிற அன்பர்களே, உங்கள் மனசு உண்மையில் எங்கே உடைந்தது என்பதை அண்ணாமலையாரிடம் சொல்லுங்கள். திட்டியாவது சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எனக்கு மாப்பிள்ளையை அவர் மெதுவாகத்தான் அனுப்பினார். முதலில் என் அப்பாவை எனக்குக் கொடுத்தார்.