அப்பா நீட்டிய கட்டைவிரல்

அப்பாவுக்கு மடிக்கும் போன் வாங்கித் தந்தது உண்மையில் என் பெருமைக்காகத்தான். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி, ஸ்டோரில் ஆசிட் ஊற்றிப் பாலை உறையவைத்து, அவருடைய விரல்ரேகை தேய்ந்திருந்தது. கட்டைவிரலை எத்தனை முறை வைத்தாலும் போன் திறக்கவில்லை.

"மொகத்தக் காட்டுனா போதும்லா, விடுங்கப்பா" என்று மாற்றிக் கொடுத்தேன். கூடவே போனைத் திறக்க ஒரு ரகசிய எண்ணும் போட்டேன். அதை நானே மறந்துபோனேன். அவருடைய மருந்துப் பெயர்கள் எழுதிய அட்டையையும் போனில் படமெடுத்துவிட்டு வீசினேன்.

சென்ற மாதம் அவருக்குப் பக்கவாதம். ஈப்போ நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

"ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறாரா? பேரு என்ன?" என்று டாக்டர் கேட்டார்.

போனை விரித்து அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். திறக்கவில்லை. அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. தொங்கிய கன்னத்தை என் கையால் தூக்கிப் பிடித்து, "கொஞ்சம் நேரா பாருங்கப்பா" என்றேன். அப்போதும் திறக்கவில்லை.

அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. என்னையே பார்த்தார். பிறகு அசைய முடிந்த ஒரே கையைத் தூக்கி, அந்தத் தேய்ந்த கட்டைவிரலை என்னிடம் நீட்டினார்.

திறக்காது என்று தெரிந்தும் அதைப் பிடித்துப் பொத்தானில் வைத்தேன்.

இன்றும் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கன்னத்தைத் தூக்கிய கையை மறைத்துக்கொள்கிறேன்.