பருப்பு வேகாத தண்ணீர்

1. மொட்டை மாடியில் என் தக்காளிச் செடிகளின் இலை ஓரங்கள் கருகின.
2. சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டேன்.
3. கருகல் கூடியது. ஆறு செடிகளில் நான்கு செத்தன.
4. மிஞ்சிய இரண்டையாவது காப்பாற்ற வேண்டுமென்று, தொட்டி மண்ணையும் ஒரு பாட்டில் போர் தண்ணீரையும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் ரயில் ஏறினேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் கல்யாணச் சமையல்காரர். முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்புகள். மறுநாள் கிள்ளையில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போகிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து போய், கதவருகே வைத்திருந்த கரண்டி மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா."

"இது குடிக்கிற தண்ணி இல்லண்ணே. செடிக்கு ஊத்துறது. டெஸ்டுக்குக் கொண்டுபோறேன்."

பாட்டிலை வாங்கி, விரலில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். முகம் சுளித்தார்.

"இதுல பருப்பு வேகாதே! வூட்ல எதுல சமைக்கிறீங்க?"

"கேன் தண்ணிதான்."

"நல்லா இருக்கே கதை! உங்களுக்கு கேன் தண்ணி, செடிக்கு உப்புத்தண்ணியா? அதுக்கு மேல உரம் வேற ஜாஸ்தியா போட்டிருப்பியே? அதுவும் உப்புதானே!" என்று சிரித்தார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"கிள்ளைல தண்ணி எப்படியோ தெரியல. அதான் எனக்கு இருப்பே கொள்ளல," என்றார். கிள்ளை வருவதற்கு முன்பே மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கதவருகே நின்றார்.

பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அரிசி கழுவிய கேன் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவருகிறேன். ஒன்று துளிர்த்திருக்கிறது, மற்றது அப்படியே நிற்கிறது. கிள்ளைக் கல்யாணத்தில் பருப்பு வெந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.