நடுவில் சோறு இல்லாத இலை

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி வாசலில் மூன்று வாரம் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. பச்சைத் தாளில் நான்தான் அதை எழுதினேன். மூலையில் ஒரு கத்தரிக்காய் வரைந்திருந்தேன். பலர் அதைப் பலூன் என்று நினைத்துக்கொண்டார்கள். 'கார் நிறுத்துமிட மொட்டை மாடிப் பண்ணையைச் சுற்றிப் பாருங்கள். பிறகு எங்களோடு வாழையிலைச் சாப்பாடு. இலையிலிருந்து குழம்புவரை எல்லாமே சிங்கப்பூரில் விளைந்தவை.' நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். படித்தவர்களில் பாதிப் பேராவது தமிழர்கள். எழுதியவள் தமிழச்சி, சரி பார்த்த மேடமும் தமிழ்ப் பெண். அந்த வாக்கியத்தில் என்ன கோளாறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேடம் என்று நான் சொல்வது பண்ணையை நடத்திய பெண்ணை. என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். காத்தோங்கில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். வீட்டில் எல்லாரும் மேசை நாற்காலி உத்தியோகம். இவரும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நன்றாகத்தான் இருந்தார். அதை விட்டுவிட்டு, தெம்பனிஸில் எங்கள் புளோக்கை ஒட்டிய பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடியில் தொட்டி தொட்டியாகக் கீரை போட வந்துவிட்டார். நான் மின்னணுத் தொழிற்சாலை வேலை போய் வீட்டில் சும்மா இருந்த சமயம். ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். "அக்கா, உங்களுக்குச் செடி தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது, ஆனால் பேசத் தெரியும் என்றேன். அப்படித்தான் சனிக்கிழமைச் சுற்றுலாக்களுக்கு வழிகாட்டி ஆனேன்.

பேசத் தெரியும் என்று சொன்னதுதான் வினை. வந்தவர்களிடம் நான் கொஞ்சம் அளப்பேன். எங்கள் கங்கோங் கீரை சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற மேடம் எல்லார் முன்னாலும், "அக்கா சும்மா சொல்றாங்க. கண்ணாடியக் கழட்டிடாதீங்க" என்றார். அவரிடம் அது ஒரு பிடிவாதம். காட்ட முடியாததைச் சொல்லக் கூடாது. யாராவது உணர்ச்சிவசப்பட்டு, நாடே இனி இப்படி மாடியில் விளைவித்துப் பிழைத்துக்கொள்ளலாமே என்றால், "இல்ல அங்கிள், நாலு புளோக்குக்கு வாரம் ரெண்டு நாள் கீரை. இப்போதைக்கு அவ்வளவுதான்" என்பார். வந்தவர் முகம் வாடிவிடும். இவருக்கு வியாபாரமே தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஆனால் சுற்றுலா நாட்கள் அமர்க்களமாக இருக்கும். பாகற்காய் கொடியில் தொங்குவதை முதல்முறை பார்க்கும் பிள்ளைகள், பாண்டான் இலையைக் கிள்ளி மோந்து பார்க்கும் மலாய்ப் பாட்டிமார், எதைப் பார்த்தாலும் படம் எடுக்கும் சீனத் தம்பதியர். நம் பெண்கள் வந்தால் மட்டும் ஒரு தனி ஆபத்து உண்டு. தேக்கா சந்தையில் வெண்டைக்காய் பிஞ்சா முற்றலா என்று நுனியை ஒடித்துப் பார்த்தே வாங்கிய விரல்கள் செடியைக் கண்டாலும் சும்மா இருக்காது. ஒரு சனிக்கிழமை ஒரு பேருந்துக் கூட்டம் இறங்கிப் போன பிறகு பார்த்தால், பண்ணையில் ஒரு வெண்டைக்காய்க்குக்கூட நுனி இல்லை. மேடம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாமே பிஞ்சுதான்னு கன்ஃபர்ம் ஆயிடுச்சு லா" என்றார்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு பயமும் இருந்தது. பண்ணைக்கான அனுமதி அந்த வருடத்தோடு முடிய இருந்தது. அதைப் புதுப்பிப்பது மேலிடத்தின் கையில்தான். ஆனால் சுற்றியிருக்கும் குடியிருப்பாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். குடியிருப்பாளர்கள் சொன்னதில் பெரும்பகுதியைச் சொன்னவர் ஒரே ஆள். ஏழாம் மாடி பாய். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நாற்பது வருடம் அரிசி மொத்த வியாபாரம் செய்துவிட்டு, கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருந்தார். அவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே எங்கள் மொட்டை மாடி. உரம் நாறுகிறது, கொசு வருகிறது, தண்ணீர்க் குழாய் இரைகிறது என்று மாதம் ஒரு கடிதம் எழுதுவார். முத்து முத்தான கையெழுத்து. குறை சொல்வதில்கூட ஓர் ஒழுங்கு இருக்கும். மேடம் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, முடிந்ததைச் சரி செய்தார். கடிதம் வருவது மட்டும் நிற்கவில்லை. அனுமதி கிடைக்காவிட்டால் மூன்று வருட உழைப்பைத் தொட்டியோடு அள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். திரும்ப அலுவலகத்துக்குப் போக மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர் மேடம். போவதற்கு வேறு இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கருத்துக் கேட்கும் கூட்டம் ஒரு சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு, புளோக்கின் கீழ்த்தளத்தில். அதே நாள் மதியம் எல்லாருக்கும் சாப்பாடு போட்டுவிடலாம் என்றது நான்தான். சாப்பிட்ட வாய் திட்டுவதற்குக் கொஞ்சம் யோசிக்கும் என்பது என் கணக்கு. மேடம் சம்மதித்தார். ஆனால் எல்லாம் இந்த ஊரில் விளைந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பண்ணையில் வைத்துப் போடுவதற்கு அர்த்தமே இல்லை என்றார். அப்படிப் பிறந்ததுதான் அந்தப் பச்சைத் தாள்.

விருந்துக்கு மூன்று நாள் முன்பு கத்தரித் தொட்டி ஓரமாக உட்கார்ந்து பட்டியல் போட்டோம். பாசிர் ரிஸ் பக்கம் கடலில் மிதக்கும் மீன் பண்ணையிலிருந்து கொடுவா மீன். உள்ளூர் முட்டை, உள்ளூர் காளான். எங்கள் முளைக்கீரை, வெண்டை, பாகல், கத்தரி. புளிக்குப் பதில் பக்கத்துப் புளோக்குத் தோட்டத்துப் பிளிம்பிங் காய். தேக்காவில் இலை வாங்கினால் அது மலேசியாவின் ஜொகூர் இலையாக இருக்கும் என்பதால் பண்ணைகள் இருக்கும் லிம் சூ காங்கில் ஒருவரிடம் இலை சொல்லி வைத்திருந்தார் மேடம். உப்பு, எண்ணெய், மசாலாத் தூள் மூன்றுக்கும் பெரிய மனது பண்ணி மன்னிப்பு வழங்கினார். எல்லாம் எழுதி முடித்துவிட்டு நான் கேட்டேன்: "அரிசி எத்தன கிலோ போடலாம் மேடம்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இந்த ஊரில் நெல் ஏது? சாப்பாடு என்று எழுதும்போது சோற்றை யாரும் தனியாக நினைப்பதில்லை. அது பாட்டுக்கு இருக்கும். மூன்று வாரமாக அந்தத் தாளைக் கடந்து போன அத்தனை பேருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

நான் சொன்னேன், பேசாமல் சோறு போட்டுவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்? "பாய் கேப்பாரு அக்கா. நாப்பது வருஷம் அரிசி வித்தவரு" என்றார். அதுவும் சரிதான். அப்படியானால் மரவள்ளிக் கிழங்கை அவித்து நடுவில் வைத்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். கிழங்கை இலை ஓரத்தில் வைக்கலாம்; நடுவில் வைத்தால் அது சோறு மாதிரி நடிக்கும். "நடுவுல காலியா விட்டுடலாம். இல்லாதது இல்லன்னு தெரியட்டுமே." சோறு போடாமல் விருந்தா? என் அம்மா வீட்டில் தெரிந்தால் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? மேடத்திடம் தலையை ஆட்டிவிட்டு, விருந்தன்று காலை என் வீட்டில் பெரிய குக்கர் நிறையச் சோறு ஆக்கி, துண்டு போட்டு மூடி வைத்தேன். ஆபத்துக்கு இருக்கட்டும் என்றுதான்.

மீன் குழம்பை மட்டும் பாயின் வீட்டம்மாவை வைத்துத் தரச் சொன்னேன். ஹலாலாகவும் இருக்கும், பாயும் வருவார். அந்த அம்மா உடனே ஒப்புக்கொண்டார். பாய்க்குத் தெரியாமல் ஆறு மாதமாக எங்களிடம் கீரை வாங்குகிறவர் அவர்.

மொட்டை மாடியில் போட்ட கூடாரத்தின் கீழே நாற்பது இலை. கீரை, பொரியல், பாகற்காய் வறுவல், முட்டை, காளான், ஓரத்தில் கிழங்கு. நடுவில் வெறும் பச்சை. குழம்பு வாளியோடு நான் வந்ததும் எல்லாரும் இலை நடுவைக் கையால் துடைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். குழம்பை எங்கே ஊற்றுவது? மேடம் முன்னால் வந்து நின்றார். "எல்லாமே இங்க விளைஞ்சதுன்னு போட்டுட்டோம். அரிசிய மறந்துட்டோம். தப்பு எங்களோடது. நம்ம ஊரு குடுக்கறது இவ்ளோதான். நடுவுல இருக்கற இடம் கப்பல்லதான் வருது." சிலர் சிரித்தார்கள். சிலர் பக்கத்தில் இருந்தவர் காதில் முணுமுணுத்தார்கள். பாய் இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சோறு இல்லாம எப்படிம்மா சாப்புடுறது?" என்று உரக்கக் கேட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. மின்தூக்கியைக்கூட நம்பாமல் படியில் இறங்கி வீட்டுக்கு ஓடி, சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியில் குக்கரை வைத்து மேலே கொண்டுவந்துவிட்டேன். மூடியைத் திறந்ததும் ஆவி கிளம்பியது. நாற்பது முகமும் மலர்ந்தன. மேடத்தின் முகம் மட்டும் செத்துப் போனது.

பாய் எழுந்து வந்தார். நாலு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். "தாய்லாந்து. புது அரிசி. தண்ணி ஒரு டம்ளர் கூடிப்போச்சு" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு என் கையிலிருந்த மூடியை வாங்கிக் குக்கரை அவரே மூடினார். "கேட்டதும் நான்தான், வேணாங்கறதும் நான்தான். அந்தப் புள்ள ஒரு வார்த்த சொல்லியிருக்கு, அத நாம சாப்புட்டுப் பாப்போம்." கிழங்கை இலை நடுவுக்கு இழுத்து, அதன் தலையில் குழம்பை வாங்கிக்கொண்டார். பிளிம்பிங் புளிப்பு மேலே ஏற ஏற இரண்டாவது தடவையும் வாங்கினார். நாலைந்து பேர் என்னிடம் ரகசியமாகச் சோறு வாங்கித்தான் சாப்பிட்டார்கள். நானும் ஒருத்தி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மணிக் கூட்டத்தில் குடியிருப்பாளர் குழுத் தலைவர், குறை உள்ளவர்கள் பேசலாம் என்றார். எல்லாரும் பாயைத்தான் பார்த்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாய் தாளைப் பிரித்து, கொசு, நாற்றம், குழாய் இரைச்சல் மூன்றையும் வரிசையாகப் படித்தார். ஒன்றைக்கூட விடவில்லை. படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "இதெல்லாம் உண்மை, சரி பண்ணணும். ஆனா நான் அரிசி வித்தவன். கப்பல் ரெண்டு வாரம் தாமதமானா கடையில என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். வாசல்ல சனம் நிக்கும், உள்ளாற மூட்டை இருக்காது. அந்த மாதிரி ஒரு நாள் வந்தா, நான் ஜன்னலத் தொறந்து எந்தப் பக்கம் பாப்பேன்? அந்தத் தோட்டத்தத்தான பாப்பேன்? அது இருக்கட்டும்." உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு எதிர்த்துப் பேச ஆள் இல்லை. மேடம் அழுதார். நானும் அழுதேன், கொஞ்சம் அதிகமாகவே. குக்கர் விஷயமும் அதில் சேர்ந்திருந்தது.

அனுமதி கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து மேடம் லிம் சூ காங்கில் பெரிய இடம் எடுத்துப் போனார். மாடிப் பண்ணை இப்போது என் பொறுப்பு. சுற்றுலாவில் அளப்பதைக் குறைத்துவிட்டேன். 'நாலு புளோக்குக்கு வாரம் ரெண்டு நாள் கீரை' என்று நான் சொல்லும்போது வந்தவர்கள் முகம் வாடுகிறது. முன்போல எனக்கு அது உறுத்துவதில்லை. வாடிய பிறகுதான் அவர்கள் சரியான கேள்விகளைக் கேட்கிறார்கள்.

பாய் இன்னும் மாதம் தவறாமல் கடிதம் எழுதுகிறார். போன வாரம் வந்தது இது: 'தென்மேற்கு மூலைக் கொடியில் பாகற்காய் பழுத்து மஞ்சளாகி நிற்பது எங்கள் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிறது. பறிக்க ஆள் இல்லையா?' படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். "அக்கா, பாய் சொல்றது சரி. போய்ப் பறிங்க" என்று பதில் வந்தது. கூடையை எடுத்துக்கொண்டு போனேன். ஏழாம் மாடி ஜன்னலில் அவர் நின்றிருந்தார். பழுத்த காயைப் பறித்து அவருக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். இலைக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்று இடது பக்கம் கை காட்டினார்.